மாமா கல்லறையில் ஓர் இடம்

எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே, பழைய பெயிண்ட் டப்பாக்களுக்கு நடுவில், ஓர் இரும்பு ஸ்டூல் இருக்கிறது. சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் வேலை பார்த்த என் கொழுந்தன், வெட்டி மிஞ்சிய துண்டுகளை வெல்டிங் வைத்துத் தன் அம்மாவுக்காகச் செய்துகொண்டு வந்தது. நான்கு காலில் ஒரு கால் மட்டும் கொஞ்சம் குட்டை. உட்கார்ந்தால் டக்கென்று ஒரு பக்கம் சாயும். தூக்கினால் தோள்பட்டை இறங்கிவிடும், அப்படியொரு கனம். பெற்ற தாய்க்குச் செய்கிறவன் ஒழுங்காக அளந்து செய்யக்கூடாதா என்று நான் அன்றைக்கே சத்தம் போட்டேன். "வுடும்மா, சோக்கா கீது. ஆடுனா ஊஞ்சலுக்கு ஊஞ்சலும் ஆச்சி" என்று சொல்லி அத்தை அதை வாங்கி வைத்துக்கொண்டார். அத்தை என்றால் என் மாமியார். ராயபுரத்தில் எங்கள் தெரு முழுக்க அவருக்குப் பெரீம்மா என்றுதான் பெயர். அவரைவிட மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

அந்த ஸ்டூலுக்கு வருடத்தில் ஒரே ஒரு நாள்தான் வேலை. நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள். முந்தின வாரமே ஆள் வைத்து மாமாவின், அதாவது என் மாமனாரின், கல்லறைக்கு வெள்ளையடித்துவிடுவோம். அன்று மதியம் சாமந்தி, மெழுகுவர்த்தி, ஊதுவத்தியோடு இந்த ஸ்டூலையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போவோம். கல்லறைத் தோட்டமே திருவிழாக் கூட்டமாக இருக்கும். வாசலில் பூக்கடை, சுண்டல் வண்டி, வெளியே ரோட்டில் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும். அத்தை மாமாவின் காலடியில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றி, டீயில் தோய்த்துத் தின்கிற பொறை ரொட்டி ஒன்றை எடுத்துக் கல்லின்மேல் வைப்பார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய மனுஷனுக்கு டீயும் பொறையும் இருந்தால் சோறே வேண்டாமாம். பிறகு பேச்சு ஆரம்பிக்கும். "இன்னாய்யா, நல்லாக்கிறியா? உன் பெரிய புள்ளைக்குத் தொப்ப வந்துகினு கீது. சின்னவன் சொல்பேச்சு கேக்க மாட்டேங்கிறான். உன் மருமவ மட்டும் தான் வூட்ல எனக்காவ எல்லாராண்டயும் எகிறிகினு கீறா." இப்படியே ஒரு வருடத்துச் செய்தி முழுவதும் வரும். கடைசியில் கல்லில் மாமா பெயருக்குக் கீழே காலியாக இருக்கிற இடத்தை முந்தானையால் துடைத்துவிட்டு, "இது என்னுது" என்பார். என் முப்பது வருட மருமகள் வாழ்க்கையில் அத்தை தன்னுடையது என்று சொல்லி நான் கேட்ட ஒரே பொருள் அதுதான்.

மற்றதெல்லாம் ஊருக்கு. நான் பிறந்த வீடு காலடிப்பேட்டை. அங்கே என் அம்மா ஒரு கரண்டி இரவல் கொடுத்தால்கூடத் திரும்பி வருகிறவரை தூங்க மாட்டாள். அந்த வீட்டிலிருந்து இந்த வீட்டுக்கு வந்தவளுக்கு எப்படி இருந்திருக்கும்? கல்யாணமாகி ஒரு மாதத்துக்குள் என் முகூர்த்தப் புடவையை எடுத்துப் பக்கத்து வீட்டுப் பெண்ணின் நிச்சயதார்த்தத்துக்குக் கொடுத்துவிட்டார். நான் வேலைக்குப் போய்த் திரும்பி வந்து பார்த்தால், என் புடவையைக் கட்டிக்கொண்டு அவள் தெருவில் நிற்கிறாள். "கட்டிக்கினு குடுத்துடுவாம்மா, துணி இன்னா தேஞ்சா பூடும்?" என்றார் அத்தை. புடவை திரும்பி வந்தது, முந்தானையில் பாயசக் கறையோடு. மீன் குழம்பு வைத்தால் தலையும் நடுத்துண்டும் எல்லோர் தட்டுக்கும் போய்விடும், அத்தைக்கு வாலும் குழம்பும். நான் ஒரு நல்ல துண்டை ஒளித்து வைத்து அவர் தட்டில் போட்டால், யாராவது வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டவுடன் அது தட்டு மாறிவிடும். அவரை நேசிக்காமலும் இருக்க முடியாது, அவரோடு நிம்மதியாகவும் இருக்க முடியாது.

ஒருமுறை அவரோடு திருவொற்றியூரிலிருந்து பஸ்ஸில் திரும்பினேன். சாயங்காலக் கூட்டம். நான் முண்டியடித்து முதலில் ஏறி, ஜன்னலோரம் நான் உட்கார்ந்து, பக்கத்து சீட்டில் கைப்பையை வைத்து, "ஆள் வராங்க, ஆள் வராங்க" என்று இரண்டு பெண்களோடு சண்டை போட்டு இடம் பிடித்து வைத்திருந்தேன். அத்தைக்கு அப்போதே முட்டி வீக்கம். கடைசி ஆளாக ஏறினார். சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்துச் சிரித்தார், பின்னால் மாசமாக நின்ற ஒரு பெண்ணின் கையைப் பிடித்து இழுத்து அதில் உட்கார வைத்தார். சரி, நான் எழுந்துகொள்கிறேன் என்று எழுந்தால், அந்த இடத்தில் அந்தப் பெண்ணின் அம்மாவை உட்கார வைத்துவிட்டார். ராயபுரம் வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்கினோம். நான் சண்டை போட்ட பெண்கள் இரண்டு பேரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். இறங்குகிறவரை நான் அத்தையோடு பேசவில்லை. அவரோ அதற்குள் அந்தப் பெண்ணின் பிரசவ மாதம், புருஷன் வேலை, மாமியார் குணம் எல்லாம் விசாரித்து முடித்திருந்தார்.

புடவை போகட்டும், சீட்டும் போகட்டும். எனக்கு ஆறாதது அந்தக் கல்லறைதான். எங்கள் கிறிஸ்தவர்களில் குடும்பக் கல்லறை என்று ஒன்று உண்டு. ஒரே குழியில் ஒருவர் மேல் ஒருவராகக் குடும்பத்தினரை அடக்கம் செய்யலாம். ஆனால் ஒரு முறை மூடினால் பதினைந்து வருடம் போலக் கழியாமல் மறுபடி திறக்க விடமாட்டார்கள். உடல் மண்ணாக வேண்டுமே. மாமா போனபோது என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடப் பையன். நான் மருமகளாக வந்தபோது அந்தக் கெடு முடிந்து பல வருடம் ஆகியிருந்தது. எப்போது வேண்டுமானாலும் அத்தை அங்கே போகலாம் என்ற நிலை. அவருக்கு அதில் பெரிய நிம்மதி. "பத்து வருசம் தான் அந்த மனுசன் கூடக் குடித்தனம் பண்ணேன். மிச்சத்த அங்க போயி பாத்துக்கறேன்" என்பார்.

அப்போது மாமாவின் தம்பி இறந்தார். சின்ன மாமா. உழைத்த நாளைவிடக் குடித்த நாள் அதிகம். கோடம்பாக்கம், தண்டையார்பேட்டை என்று எங்கெங்கோ இருந்துவிட்டுக் கடைசியில் சாவதற்கு மட்டும் அண்ணன் வீட்டுக்கு வந்தார். அவரைப் புதைக்க இடமில்லை. அவர் பிள்ளைகள் எங்கள் கூடத்தில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். யாரும் வாய் திறந்து கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் இல்லையே, அத்தை இருக்கும்போது. "அவங்க அண்ணனாண்ட போவட்டும். எனக்கு இன்னா அவசரம்?" என்றார். எல்லோரும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். புதுப்பெண்ணான நான் சமையலறை வாசலில் நின்று, அட பாவிகளா, இந்த அம்மா இன்னும் பதினைந்து வருடம் உயிரோடு இருந்தாக வேண்டுமே, அதை யாராவது யோசித்தீர்களா என்று எனக்குள் கத்திக்கொண்டிருந்தேன். கல்லில் காலியாக இருந்த இடத்தில் சின்ன மாமா பெயர் ஏறியது. அத்தை அதற்குக் கீழே இருந்த இடத்தைக் காட்டி, "இங்க இன்னொருத்தர் பேரு எழுதலாம்" என்றார்.

அதற்குப் பிறகு அத்தை சாவதில்லை என்று முடிவு செய்துவிட்டார். வேறெப்படிச் சொல்வது? டீயில் சர்க்கரையை நிறுத்தினார். கருவாட்டை நிறுத்தினார், அதுதான் அவருக்கு உயிர். விடியற்காலையில் காசிமேடு வரைக்கும் நடந்து போய் வருவார். டாக்டர் கொடுத்த மாத்திரைகளைக் கடிகாரம் பார்த்து விழுங்குவார். காய்ச்சலில் ஒருமுறை ரொம்ப மோசமாகி, கோயில் சாமியாரைக் கூட்டிவந்து, சாகக் கிடப்பவர்களுக்குக் கொடுக்கிற அவஸ்தை பூசுதல்கூடக் கொடுத்தாயிற்று. கண்ணைத் திறந்து, "ஏம்மா, அவரு கல்லறை தொறக்க இன்னும் நாள் கீது, நான் இப்போ போவ முடியாது" என்று என்னிடம் சொல்லிவிட்டுக் கஞ்சி கேட்டார். சாமியார் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கெடு முடிந்த வருடம் கல்லறைத் திருநாளுக்கு அத்தை புதுப்புடவை கட்டிக்கொண்டு வந்தார். அந்த ஸ்டூலில் உட்கார்ந்து, "வழி வுட்டாங்கய்யா" என்று மாமாவிடம் சொன்னபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். கல்யாணத் தேதி குறித்த பெண்ணுக்குக்கூட அப்படி ஒரு களை வராது.

மறு வருடத்துக்குள் மாமாவின் தங்கை, அத்தையின் நாத்தனார், எர்ணாவூரில் போய்ச்சேர்ந்தார். அந்த அம்மாள் அத்தையைப் படுத்திய பாட்டை நான் சொல்லி முடியாது. மாமா சாவுக்குப் பிறகு, "என் அண்ணன முழுங்கிட்டு நிக்கறா" என்று தெருவில் நின்று பேசியவர். அவருடைய மகனும் மகளும் அதே கூடத்தில் வந்து அதே மாதிரி தலையைக் குனிந்து உட்கார்ந்தார்கள். அந்தத் தலைகுனிவு எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரரும் கொழுந்தனும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பொறுத்துப் பார்த்தேன். பிறகு எல்லோர் முன்னாலும், "அந்த இடம் அத்தையுது. இந்தத் தடவ முடியாது" என்று சொல்லிவிட்டேன். பிணத்தைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருப்பவர்களிடம் இப்படிப் பேசுகிறாளே, இவளெல்லாம் ஒரு பொம்பளையா என்று எல்லோர் கண்ணும் சொல்லிற்று. அத்தை எழுந்து வந்து என்னைத் தாண்டிப் போய் நாத்தனார் மகளின் தலையில் கை வைத்தார். "இவ சொல்றத காதுல வாங்காதீங்க. கூடப் பொறந்தவ, போயி அண்ணனாண்ட படுக்கட்டும்" என்றார்.

அன்றைக்குச் சமையலறையில் நான் அவரிடம் கத்தியதுபோல் யாரிடமும் கத்தியதில்லை. "உங்களுக்கு இன்னா வயசுன்னு தெரியுமா? இன்னும் ஒரு பதினஞ்சு வருசம் உங்களால முடியுமா? மாமாகிட்ட போயி இன்னா சொல்வீங்க? வூட்ட உன் தங்கச்சிக்குக் குடுத்துட்டேன், நான் வெளிய நிக்கறேன்னா?" அத்தை அரிசி களைந்துகொண்டிருந்தார். வந்தவர்களுக்குச் சோறு ஆக வேண்டுமே. களைந்து முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். "எனக்கு மட்டும் ஆச இல்லியா? ஆனா அந்தப் புள்ளைங்க வந்து குந்திகினு என் மூஞ்சியப் பாக்குதுங்க. முடியாதுன்னா, அப்பால அதுங்களுக்கு நான் யாரு? எனக்கு இன்னாடி கீது, படிப்பு கீதா, சொத்து கீதா? குடுக்கறதுனால தாண்டி நான் பெரீம்மா. இல்லாங்காட்டி கிரேன்காரன் பொண்டாட்டி, அவ்ளோதான்." அவர் கொடுப்பதெல்லாம் வெறும் இளகிய மனசு என்றுதான் நான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்குள் ஒரு கெத்தும் இருந்திருக்கிறது, ஒரு பயமும் இருந்திருக்கிறது. தெரிந்த பிறகு கோபம் குறைந்ததா என்றால் இல்லை, கூடியது. இத்தனை பேரை அழாமல் பார்த்துக்கொண்ட மனுஷிக்கு, நீங்கள் ஒன்றும் கொடுக்காவிட்டாலும் பெரீம்மாதான் என்று ஒருவராவது சொல்லியிருக்கக் கூடாதா? நானும் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் யாரோ வந்து டீ கேட்டார்கள்.

அத்தை மறுபடியும் நடக்க ஆரம்பித்தார். முதலில் காசிமேடு வரை, பிறகு தெருக்கோடி வரை, பிறகு கோயில் வாசல் வரை, கடைசியில் கட்டிலிலிருந்து கதவு வரை. எண்பதைத் தாண்டியும் இழுத்துப் பிடித்தார். இன்னும் இரண்டு மூன்று வருடம் இருந்திருந்தால் போதும். போன மழைக்காலத்தில் ஒரு காலை, நான் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தபோது, "முடியலம்மா" என்றார். அந்த வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை. மறுநாள் போய்விட்டார்.

கல்லறை அலுவலகத்தில் என் வீட்டுக்காரரும் கொழுந்தனும் கெஞ்சிப் பார்த்தார்கள். இன்னும் கெடு இருக்கிறது, திறக்க முடியாது, எங்கள் கையில் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள்மேல் என்ன குற்றம், விதி விதிதான். அந்தத் தோட்டத்தில் புது இடமும் கிடையாது. கடைசியில் எர்ணாவூர் தாண்டி, காம்பவுண்டு சுவருக்கு அந்தப் பக்கம் லாரிகள் நிற்கிற ஒரு சின்னக் கல்லறைத் தோட்டத்தில், முன்பின் தெரியாதவர்களுக்கு நடுவில் எங்கள் அத்தையைப் படுக்க வைத்தோம். கூட்டமென்றால் அப்படியொரு கூட்டம். சின்ன மாமாவின் பிள்ளைகள் ஆளுயர மாலையோடு வந்தார்கள். நாத்தனார் மகள் சவப்பெட்டியைக் கட்டிக்கொண்டு, "எங்கம்மாவுக்கு எடம் குடுத்த தெய்வமே" என்று அழுதாள். அழுகை நிஜம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தத் தெய்வம் எங்கே படுத்திருக்கிறது என்று பார்த்தாயா என்று கேட்க எனக்கு வாய் துடித்தது. என் வீட்டுக்காரர் என் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

ஒரே ஒரு வழி இருக்கிறது. அத்தையின் புதுக் கல்லறைக்கும் கெடு முடிந்தபிறகு, அனுமதி வாங்கி, எலும்பை எடுத்துவந்து மாமாவின் கல்லறையில் வைக்கலாம். அப்படிச் செய்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் மாமாவின் கல்லறை ஒன்றிரண்டு வருடத்தில் திறக்கலாகிவிடும், அத்தையுடையதற்கோ இப்போதுதான் கணக்கே ஆரம்பித்திருக்கிறது. நடுவில் பத்து வருடத்துக்கு மேல் அந்த இடம் திறந்த வீடு மாதிரி. அதற்குள் குடும்பத்தில் யாராவது போனால், மறுபடி நாலு பேர் கூடத்தில் வந்து தலையைக் குனிந்து உட்காருவார்கள். கையெழுத்துப் போட வேண்டியவர் என் வீட்டுக்காரர். அவர் யார் பிள்ளை? நாத்தனார் மகனுக்கு இதயத்தில் கோளாறு என்று கேள்விப்பட்டதும் நான் முதலில் கேட்டது, "ஒழுங்கா மாத்திர சாப்பிடறானா?" என்பதுதான். பாசம் என்று நினைத்து அவன் மனைவி போனில் அழுதுவிட்டாள்.

"அப்ப நாம போனா எங்கடி போறது?" என்று என் வீட்டுக்காரர் ஒருநாள் கேட்டார். "நமக்கு வேற எங்கயாவது பாத்துக்கலாம்" என்றேன். "அம்மா மாதிரியே பேசற" என்றார். எனக்கு வந்ததே கோபம். நான் ஒன்றும் யாருக்கும் கொடுக்கவில்லை, அவர் இடத்தை அவருக்கு வாங்கித் தரப் பார்க்கிறேன், இரண்டும் ஒன்றா? எனக்கு அறுபது நெருங்குகிறது. நானும் இப்போது டீயில் சர்க்கரையை நிறுத்திவிட்டேன். விடியற்காலையில் காசிமேடு வரை நடக்கிறேன். மீன் ஏலம் போடுகிறவர்கள், "இன்னாம்மா, பெரீம்மா ரூட்டப் புட்சிக்கினியா?" என்று கேட்கிறார்கள்.

இந்த வருடக் கல்லறைத் திருநாளில் முதலில் எர்ணாவூர் தாண்டிப் போய் அத்தைக்குப் பூ வைத்துவிட்டு, பிறகு மாமாவிடம் வந்தோம். ஸ்டூலையும் எடுத்து வந்திருந்தேன். "அதான் அம்மாவே இல்லையே, இத இன்னாத்துக்குத் தூக்கிகினு வர?" என்று கொழுந்தன் கேட்டான். நீ செய்த கனம், நீயே தூக்கு என்று அவன் தலையில் வைத்தேன். மாமாவின் காலடியில், வழக்கமான இடத்தில், குட்டைக் காலுக்கு அடியில் ஓட்டுச்சில் ஒன்றை வைத்துப் போட்டேன். இத்தனை வருடத்தில் முதல்முறையாக அது ஆடாமல் நின்றது. டீ ஊற்றி, பொறை வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றினோம். கல்லில் மூன்று பெயர்கள் இருந்தன. அவற்றுக்குக் கீழே இன்னும் ஒரு கை அகலம் காலி. அதை முந்தானையால் துடைத்தேன்.

பக்கத்துக் கல்லறைக்கு ஒரு குடும்பம் வந்திருந்தது. அவர்களில் ஒரு வயசான அம்மாள் மகள் தோளைப் பிடித்துக்கொண்டு காலை மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தார். ஸ்டூலைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன். மகள் அருகில் வந்து, "அக்கா, இது சும்மா தான் கீது? அம்மா கொஞ்சம் குந்திக்கட்டுமா?" என்று கேட்டாள். என் வீட்டுக்காரர் அதற்குள் குனிந்து ஸ்டூலில் கை வைத்துவிட்டார். அத்தை இருந்திருந்தாலும் இந்நேரம் எழுந்திருப்பார். நான் வீட்டுக்காரர் கையைத் தட்டிவிட்டு, ஸ்டூலின்மேல் என் கைப்பையை வைத்தேன்.

"இல்லம்மா. ஆள் வராங்க" என்றேன்.

அந்தப் பெண் திரும்பி வாசல் பக்கம் பார்த்தாள். கூட்டம் வந்துகொண்டேதான் இருந்தது. என் முட்டியும் வலித்தது. நானும் உட்காரவில்லை.